காற்றை இறக்கிவிடு

நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் ஒரு சாஸ்திரம் உண்டு. காற்றடித்து முடிந்ததும் கடைப் பையன் டயரைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்ப்பான். விரல் உள்ளே போகவில்லை என்றால் அவன் முகத்தில் ஒரு திருப்தி தோன்றும். பார்த்துக்கொண்டு நிற்கிற நமக்கும் தோன்றும். கல் மாதிரி இருக்கிறது, இனிக் கவலை இல்லை! டயர் என்றால் விறைப்பாக இருக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் பால பாடம். வாசலில் நிறுத்தியிருக்கும் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டு ஓடுகிற பயலைத் தெருவே ஒன்று சேர்ந்து வையும்.

ஆனால் நாலு பேர் பார்க்க, இரண்டு லட்சம் திராம் பெறுமான ஒரு மோட்டார் வண்டியின் நாலு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, அதற்காகச் சம்பளமும் மரியாதையும் பெறுகிற ஓர் உத்தியோகம் இந்த உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறது. அந்த உத்தியோகத்தில் இருக்கிறவன் வேறு யாரும் இல்லை; என் தங்கையின் பிள்ளை, என்னுடைய சாக்ஷாத் மருமான்.

அவன் ஊர் உடன்குடிப் பக்கம். அந்தப் பிரதேசத்தை அறிந்தவர்களுக்குத் தேரிக்காடு தெரிந்திருக்கும். குங்குமத்தைக் கொட்டி வைத்ததுபோல் சிவந்து கிடக்கும் மணல்மேடுகள். நடுநடுவே பனைகள், முந்திரி மரங்கள். பையன் தவழ்ந்தது அந்த மணலில்; பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளை ஏறி மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே போனதும் அந்த மணலில். இந்த மணலை விட்டுத் தப்பி எங்காவது போய்ப் பிழைக்கட்டும் என்றுதான் அவன் தாயார் கடன் வாங்கி அவனை மோட்டார் டிப்ளமா படிக்க வைத்தாள். விதியின் பரிகாசத்தைப் பாருங்கள்: பிள்ளை பிழைக்கப் போன இடம் ஷார்ஜா! மணலிலிருந்து புறப்பட்டு, இன்னும் பெரிய மணலுக்குப் போய்ச் சேர்ந்தான்.

போன வருஷம் ஜனவரியில் நான் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. புறப்படுகிற அன்று தங்கை சொல்லி அனுப்பினாள்: "அண்ணே, அவன் அங்கே என்னதான் வேலை பார்க்கான்னு கண்ணாலே பாத்துட்டு வாங்க. வண்டியை மாத்திக் கட்டுதேன்னு சொல்லுதான். நல்லா ஓடுற வண்டியை எதுக்குப் பிரிச்சு மாத்தணும்? எனக்கு ஒண்ணும் விளங்கல்லே."

எனக்கும் விளங்கத்தான் இல்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்த இடத்தில் போய் நின்று வாயைப் பிளந்தாலும், "பாவம், கதைக்காகக் குறிப்பு எடுக்கிறார்" என்று மன்னித்துவிடுவார்கள். அந்த உரிமையின் பேரில் நான் ஷார்ஜாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் உள்ள அந்தப் பட்டறையில் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து மூன்று வார காலத்தில் பத்துப் பன்னிரண்டு மாலைகளைக் கழித்தேன்.

பட்டறை முதலாளி கண்ணூர்க்காரர். எல்லோரும் அவரை "இக்கா" என்றே அழைத்தார்கள். அங்கே வருகிற வண்டிகள் பெரும்பாலும் நாலு சக்கரங்களுக்கும் இழுவை உள்ள பெரிய ஜாதி வண்டிகள். நிஸ்ஸான் பட்ரோல், டொயோட்டா லாண்ட் க்ரூஸர் போன்றவை. கடையிலிருந்து புத்தம் புதிதாக வந்து நிற்கிற வண்டியைப் பார்த்தால் நமக்குக் கண்ணேறு கழிக்கத் தோன்றும். என் மருமானுக்கோ அதில் குற்றம்தான் தோன்றும். வைத்தியன் நோயாளியைச் சுற்றி வருவதுபோல் வண்டியைச் சுற்றி வருவான். குனிந்து வயிற்றைத் தட்டிப் பார்ப்பான். பிறகு ஒரு காகிதத்தில் எழுத ஆரம்பிப்பான். பெரிய மாற்றங்களுக்கு அந்த நாட்டில் அதிகாரிகளின் அனுமதி வேண்டும். ஆகையால் அந்தக் காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

"முதல்லே மூக்கு" என்றான் ஒருநாள். முன் பம்பர் நீளமாகத் தாழ்ந்து இருந்தால், மணல்மேட்டின் அடிவாரத்தில் சக்கரம் ஏறுவதற்கு முன்னால் மூக்கு போய்க் குத்திக்கொள்ளும். அதனால் பம்பரை அறுத்துக் குறுக்க வேண்டும். அடுத்தது முதுகு: கூரைமேல் கேரியர், அதன்மேல் பெட்டி, அதன்மேல் இன்னொரு டயர் என்று அடுக்கிக்கொண்டு வருகிறவர்களின் பாரத்தை இறக்க வேண்டும். தலைச்சுமை ஏற ஏற, மணல் சரிவில் வண்டி குப்புறக் கவிழ்வதற்கு அதிகச் சமாதானம் வேண்டியிருக்காது. பிறகு பக்கவாட்டுப் படிகள். ஏறி இறங்கச் சௌகரியமாக இருக்கும் அந்தப் படிகள்தான் மேட்டின் உச்சியில் முதலில் தட்டி நெளியும். அவற்றையும் கழற்ற வேண்டும்.

"ஏலே, வந்ததிலிருந்து கழற்றிக்கொண்டே இருக்கிறாயே, ஏதாவது மாட்டவும் மாட்டுவாயா?" என்று கேட்டேன்.

மாட்டுவதும் உண்டு. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துவார்கள். மணலின்மேல் வேகமாகப் போகும்போது இடைவிடாமல் ஏறி இறங்குவதால் ஷாக் அப்ஸார்பருக்குள் இருக்கும் எண்ணெய் கொதித்துவிடும். ஆகவே அதிக எண்ணெய் கொள்ளும் பெரிய ஷாக் அப்ஸார்பர். தானியங்கிக் கியர் உள்ள வண்டிக்கு அந்தக் கியர் எண்ணெயைக் குளிர்விக்க முன்பக்கம் தனியாக ஒரு சிறு ரேடியேட்டர். வயிற்றுக்கு அடியில் இரும்புத் தகடு. இஞ்சின் மூச்சு விடும் குழாயைக் கூரை வரைக்கும் உயர்த்திக் கட்டுவது. கீழே சக்கரம் வாரி இறைக்கும் புழுதியைவிட மேலே இருக்கும் காற்று கொஞ்சம் சுத்தம். எல்லாவற்றுக்கும் மேலே, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பியும் அதன் நுனியில் ஒரு கொடியும். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஏறி வருகிறவனுக்கு இந்தப் பக்கமிருந்து ஏறுகிறவனைத் தெரியாது. உச்சியில் இரண்டு பேரும் முட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தக் கொடி.

"இவ்வளவும் செஞ்சாலும் மாமா, காத்தை இறக்கல்லேன்னா வண்டி நூறு அடி போகாது. காத்தை இறக்கிட்டா, இதிலே பாதி இல்லாமலே போயிடலாம்" என்றான்.

காரணத்தையும் சொன்னான். வண்டியைத் தாங்குவது ரப்பர் அல்ல, அதற்குள் இருக்கும் காற்று. தார் ரோட்டில் 35 பவுண்டு காற்று. மணலில் அதை 15க்கு இறக்குகிறார்கள். வண்டியின் எடை குறையவில்லை. ஆகவே தளர்ந்த டயர் முன்னைவிட இரண்டு பங்கு இடத்தைத் தரையில் பரப்பித்தான் அதே பாரத்தைச் சுமக்க முடியும். அது அகலத்தில் பரவுவதைவிட நீளத்தில் பரவுவது அதிகம். வட்டச் சக்கரம் கொஞ்சம் பாதம்போல் ஆகிவிடுகிறது. ஒட்டகத்தின் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஊன்றும்போது அப்பம்போல் விரிந்துகொடுக்கும். படைத்தவன் முன்பே செய்து வைத்த காரியம்தான். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பத்துக்குக் கீழே இறக்கிவிட்டு வண்டியை வெடுக்கென்று திருப்பினால், டயர் சக்கர வளையத்திலிருந்து கழன்றுவிடும்.

அன்று இரவே தங்கைக்கு டெலிபோன் செய்தேன். "உன் பிள்ளை வண்டியை மாத்திக் கட்டவில்லை. அதற்குப் பணிவு சொல்லிக் கொடுக்கிறான்" என்றேன். "அவனுக்கே அது கிடையாதே!" என்றாள் அவள். அந்த வார்த்தை எவ்வளவு உண்மை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இதற்கு நடுவில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வித்தையை முதல் முதலில் கணக்காகப் படித்தவர்களில் தலையானவர் அவர். ரால்ஃப் பாக்னால்ட் என்று பெயர். 1896இல் பிறந்த ஆங்கிலேய ராணுவப் பொறியியலாளர். நாவல் வாசகர்களுக்கு அவரைவிட அவருடைய அக்காளைத் தெரிந்திருக்க நியாயம் உண்டு. 'நேஷனல் வெல்வெட்' என்ற நாவலை எழுதிய ஈனிட் பாக்னால்ட்தான் அந்த அக்காள். 1944இல் அது படமாக வந்தபோது சிறுமி எலிஸபெத் டெய்லர் நடித்தாள். அக்காளின் அந்த நாவல் வெளிவந்த 1935ஆம் வருஷமே தம்பியின் பாலைவனப் பிரயாண நூலும் வெளிவந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர் எழுதினால் புத்தகம் விற்பதற்கு என்ன பாடோ, நமக்கு எதற்கு!

பாக்னால்ட் 1920களில் எகிப்தில் உத்தியோகம் பார்த்தார். மற்ற அதிகாரிகள் லீவு கிடைத்தால் போலோ ஆடப் போவார்கள். இவர் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, சாமானிய ஃபோர்டு மோட்டாரில் லிபியப் பாலைவனத்துக்குள் போவார். முதலில் ஃபோர்டு டி, பிறகு ஃபோர்டு ஏ. பெரும் மணற்கடல் என்று பெயர்பெற்ற பகுதிக்குள் மோட்டார் போகாது என்பது அந்நாளைய நம்பிக்கை. 1929, 1930ஆம் வருஷங்களில் அவர் அதற்குள் இறங்கினார். ஒரு பெரிய மணல்மேட்டை நோக்கி மணிக்கு 40 மைல் வேகத்தில் நேராக வண்டியை விட்டார். வண்டி மேலே ஏறி நின்றது. மணல்மேட்டில் காற்று வீசும் பக்கம் சரிவு குறைவாக இருக்கும், மணலும் இறுகியிருக்கும். காற்று மறைவான பக்கம் சுமார் 33 டிகிரி சரிவில் பொலபொலவென்று உதிர்ந்து கிடக்கும். எந்தப் பக்கம் தாங்கும், எந்தப் பக்கம் விழுங்கும் என்று தெரிந்தவனுக்குப் பாலைவனத்தில் பாதை உண்டு.

அவருடைய வண்டியில் செய்த மாற்றங்களைக் கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை. ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து ஆவியாய்ப் போகிறதல்லவா? தண்ணீர் இல்லாத இடத்தில் அது உயிர் போகிற மாதிரி. ரேடியேட்டரிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எடுத்து, பக்கப் படியில் கட்டிய தகரத்துக்குள் விட்டார். தகரத்தில் பாதி தண்ணீர். ஆவி அதற்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகும். தகரமும் கொதித்தால் வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். சற்று நேரத்தில் இஞ்சின் குளிர்ந்து, களகளவென்ற சத்தத்தோடு தண்ணீரெல்லாம் ரேடியேட்டருக்கே திரும்பிவிடும். இன்றைக்குப் பல மோட்டார்களில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் குப்பியின் தத்துவமும் இதுவே.

புதைந்த வண்டியை எடுக்க, கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஐந்தடி நீளமுள்ள உருக்குத் தகடுகளைப் பொறுக்கினார். முதல் மகா யுத்தத்தில் பதுங்கு குழிகளுக்குக் கூரை போட உபயோகித்தவை அவை. சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி அதைப் போட்டால் வண்டி பிடித்துக்கொண்டு ஏறும். திசை காண, ஊசியின் நிழல் விழும் ஒரு சூரியத் தட்டு. வண்டியின் இரும்பால் காந்த ஊசி தடுமாறும், நிழல் தடுமாறாது.

விளையாட்டாகச் சேர்த்த இந்த ஞானம் 1940இல் யுத்தத்துக்கு வந்தது. ஓய்வு பெற்றிருந்த பாக்னால்டைத் திரும்ப அழைத்துக் கப்பல் ஏற்றினார்கள். வழியில் கப்பல் மோதிக்கொண்டதால்தான் அவர் எகிப்தில் இறங்க நேர்ந்தது. ஜெனரல் வேவல் அவருக்குக் கொடுத்த தவணை ஆறு வாரம். நியூஸிலாந்துத் தொண்டர்களையும் ஷெவர்லே லாரிகளையும் வைத்துக்கொண்டு ஒரு பாலைவனப் படையைத் தயார் செய்துவிட்டார். அந்த லாரிகளுக்கும் முதல் வேலை கழற்றுவதுதான். கதவு போயிற்று, முன் கண்ணாடி போயிற்று, கூரை போயிற்று. பலமான ஸ்பிரிங், அகலமான டயர், தண்ணீர்த் தகரம், உருக்குத் தகடு ஆகியவை வந்தன. யாரும் வரமுடியாது என்று எதிரி நினைத்திருந்த திசையிலிருந்து அவை வந்து நின்றன.

மணல் துகள் காற்றில் எப்படித் துள்ளுகிறது என்பதைக் காற்றுச் சுரங்கம் ஒன்று கட்டி ஆராய்ந்து, 1941இல் அவர் ஒரு விஞ்ஞான நூலும் வெளியிட்டார். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு மணல்மேட்டுக் கூட்டத்துக்கு இன்று அவருடைய பெயர்தான்; அமெரிக்கர்கள் அனுப்பிய 'க்யூரியாஸிடி' வண்டி 2015இல் அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு முந்திய 'ஸ்பிரிட்' என்ற வண்டிக்கு அத்தனை அதிர்ஷ்டம் இல்லை. 2009இல் அது அந்தக் கிரகத்தின் வேறொரு மூலையில் மெத்து மணலில் புதைந்தது. இங்கே பூமியில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் மாதக் கணக்கில் முயன்றும் அதை மீட்க முடியவில்லை. 2010 மார்ச்சோடு அதன் பேச்சும் நின்றுவிட்டது. இதை நான் சொன்னபோது என் மருமான் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, உறவுக்காரர் வீட்டுத் துக்கம் கேட்டவன்போல், "ஐயோ பாவம், இழுக்க ஒரு வண்டி இல்லாமப் போச்சே!" என்றான்.

இழுப்பது என்ற வார்த்தைக்கு வந்துவிட்டோம். விஷயம் அதில்தான் இருக்கிறது.

நான் அங்கே இருந்தபோது ஒரு வாலிபன் தன் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். நம் தேசத்து வியாபாரி ஒருவரின் பிள்ளை. இருபத்தைந்து வயசு இருக்கும். நல்ல பையன், சிரித்த முகம். அவனுக்கு வேண்டியவை: இஞ்சினுக்கு டர்போ, முன்னால் வரிசையாக விளக்கு, பக்கத்தில் சிவப்புக் கோடு. வேறொரு கடையில் ஏற்கெனவே முன் பம்பர் மாற்றியிருந்தான். அதில் பளபளவென்று சிவப்பு வர்ணம் அடித்த கொக்கி ஒன்று இருந்தது. பார்ப்பதற்கு யானையையே கட்டி இழுக்கலாம் போல இருந்தது.

மருமான் குனிந்து அதற்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினான். முகம் மாறியது. அந்தக் கொக்கி வண்டியின் சட்டத்தில் மாட்டப்படவே இல்லை. பம்பர் தகட்டோடு இரண்டு சுண்டு விரல் போல்ட்டில் நின்றது, அலங்காரம்! சட்டத்தோடு சேர்த்து நல்ல உருக்குத் தகட்டில் கொக்கி போட வேண்டும் என்று காகிதத்தில் எழுதினான். வாலிபன் கூட்டிப் பார்த்தான். "கொக்கிதான் இருக்கிறதே, இது எதற்கு?" என்று அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டான்.

அன்று மாலை பட்டறையில் பெரிய வாக்குவாதம். இக்கா மலையாளமும் தமிழும் கலந்து சொன்னதன் சாரம் இது: பணம் கொடுக்கிறவன் அவன், கேட்டதைச் செய், கேட்காததைப் பற்றி உனக்கு என்ன? அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வியாபாரம் என்றால் அப்படித்தானே!

"இக்கா, டர்போ போடுதேன், விளக்கு போடுதேன், என்ன சொன்னாலும் போடுதேன். அந்தக் கொக்கியோட வண்டியை வெளியே அனுப்ப மட்டும் என் கையாலே முடியாது. வேற ஆளை வெச்சு அனுப்பிக்கிடுங்க" என்றான் என் மருமான்.

எனக்குப் பகீரென்றது. அந்த நாட்டில் வேலை போனால் அதன் பின்னாலேயே விசாவும் போகும். உடன்குடியில் கட்டிய வீட்டின்மேல் கடன் இன்னும் ஏழு லட்சம் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒரு கொக்கிக்காகவா இந்தப் பிடிவாதம்? வெளியே அழைத்துப் போய், "நமக்கு ஏன்டா வம்பு?" என்று கேட்டேன். அப்போதுதான் அவன் சொன்னான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவனோடு அறையில் இருந்த நம் பக்கத்துப் பையன் ஒருவன். மணலில் புதைந்த வண்டியை எடுக்கப் போயிருந்தார்கள். இந்த வேலைக்கு நைலான் கயிறு உபயோகிப்பது வழக்கம். இழுக்கிற வண்டி ஓட்டமாய்ப் போகும்போது கயிறு ரப்பர்போல் நீண்டு, அந்தச் சக்தியைத் தேக்கிக்கொண்டு, புதைந்த வண்டியை வெடுக்கென்று பிடுங்கும். கயிறு நல்ல கயிறுதான். ஆனால் மறுமுனையில் கொக்கி பெயர்ந்துவிட்டால் என்ன ஆகும்? உண்டிவில்லிலிருந்து கல் போவதுபோல் இரும்பு பறக்கும். பறந்தது. அந்தப் பையன் பக்கத்தில் நின்றிருந்தான்.

"உயிர் பிழைச்சான் மாமா. இப்போ ஊரிலே டீக்கடை வெச்சிருக்கான். ஒரு கண்ணு இல்லே" என்றான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "வண்டி புதைஞ்சா வண்டிக்காரன் உள்ளேதான் இருப்பான். வெளியே கயிறு மாட்டப் போறது எங்களை மாதிரி ஆளுதானே?"

நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கடனைப் பற்றியும் விசாவைப் பற்றியும் என்னைவிட அவன் நன்றாகவே அறிவான்.

இக்கா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீ கொண்டு வரச் சொல்லி, அவனுக்கும் ஒரு கிளாஸ் நகர்த்திவிட்டு, "உன் செலவில் செய்வதானால் செய். பில்லில் வராது" என்றார். கண்ணூர்க்காரர் அதற்குமேல் இறங்கி வருவது கஷ்டம். என் மருமான் 450 திராம் கொடுத்து உருக்குத் தகடும், தலையில் 10.9 என்று பொறித்த கெட்டி போல்ட்டுகளும் வாங்கினான். இரவு பதினோரு மணி வரையில் தனியாக உட்கார்ந்து மாட்டினான். பழைய சிவப்புக் கொக்கியைக் கழற்றி, வண்டிக்காரன் மனம் நோகக்கூடாது என்று, புதுக் கொக்கிக்கும் அதே சிவப்பு வர்ணத்தை அடித்துவிட்டான்!

அடுத்த வாரம் விடுமுறை நாள் ஒன்றில், விடியற்காலை, ஆறு வண்டிகளாக அல் பதாயர் மணல்மேடுகளுக்குப் புறப்பட்டார்கள். உதவிக்குப் பட்டறை சார்பில் என் மருமான். அவன் பக்கத்தில் நான். சூரியன் எழும்போது அந்த மணலைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணம் தேரிக்காட்டில் நிற்பதுபோலவே இருந்தது; அதே சிவப்பு. பனைமரங்கள்தான் இல்லை. தார் ரோட்டின் ஓரத்தில் எல்லோரும் இறங்கிக் குந்தி உட்கார்ந்து, 'உஸ்' என்று காற்றை இறக்கினார்கள். இராப் பனியில் மணல் கொஞ்சம் கட்டிப்பட்டிருந்ததால் முதல் ஒரு மணி நேரம் சுகமாகப் போயிற்று. நேராக ஏறு, நேராக இறங்கு, சரிவில் குறுக்கே திருப்பாதே, இறங்கும்போது பிரேக்கை மிதிக்காதே. வேதம்போல் இந்த நாலு வாக்கியத்தையும் ஒவ்வொரு மேட்டிலும் மருமான் முணுமுணுத்தான்.

வெயில் ஏறியது, மணல் தளர்ந்தது. நம் வாலிபன் காற்றை 22க்குத்தான் இறக்கியிருந்தான். தொய்ந்த டயர் பார்வைக்கு நன்றாயில்லையாம். ஒரு பள்ளத்தின் அடியில் வண்டி நின்றுவிட்டது. நின்றவுடன் அவன் சும்மா இருந்திருக்கலாம். புது டர்போ இருக்கிறதே! ஓர் அழுத்து அழுத்தினான். நாலு சக்கரமும் நாலு கிணறு வெட்டின. வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது.

"பாத்துக்கிடுங்க மாமா, மணல்லே பலம் கூடினா குழிதான் கூடும்" என்றான் மருமான்.

மண்வெட்டியால் சக்கரங்களின் முன்னால் தோண்டினார்கள். வயிற்றின் கீழே கை விட்டு வாரினார்கள். டயரில் காற்றை 12க்கு இறக்கினான். கயிற்றை விரித்து, ஒரு முனையைத் தன் வண்டியிலும் மறுமுனையை அந்தச் சிவப்புக் கொக்கியிலும் மாட்டினான். நடுக்கயிற்றின்மேல் ஒரு கனத்த கம்பளியைப் போட்டான். தப்பித் தவறி ஏதாவது அறுந்தால் அது பறக்கும் வேகத்தை அடக்கும். பிறகு அவன் போட்ட கூச்சலில் நான் உள்பட அத்தனை பேரும் அறுபது எழுபது கெஜ தூரத்துக்கு ஓடினோம். அந்த வாலிபனின் சிநேகிதர்கள் இரண்டு பேர் படம் எடுப்பதற்காகத் திரும்பி வந்தார்கள். அவர்களைத் துரத்திய பிறகுதான் அவன் வண்டியில் ஏறினான்.

முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாவது இழுப்பில் கயிறு விம்மி நீண்டது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. என் கண் அந்தச் சிவப்புப் புள்ளியை விட்டு நகரவில்லை. மூன்றாவது இழுப்பில் வண்டி, சேற்றிலிருந்து எருமை எழுந்திருப்பதுபோல், உடம்பைக் குலுக்கிக்கொண்டு மேலே வந்தது.

வாலிபன் குதித்து இறங்கி, வண்டியின் முகத்தில் அன்போடு தட்டிக் கொடுத்து, "டர்போ போட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று, பார்த்தீர்களா?" என்றான்.

என் மருமான் தலையை அசைத்தான். நான் வாயைத் திறக்கப் போனேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவன் குனிந்து, கொக்கிக்குப் பின்னால் விரலை விட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. கயிற்றில் ஒட்டிய மணலை உதறிவிட்டுச் சுருட்ட ஆரம்பித்தான்.

ரோட்டுக்குத் திரும்பி, நாலு டயருக்கும் மறுபடியும் காற்று ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சமயம் கிடைத்தது. "அந்த நானூற்றைம்பது திராமை இனிமேலாவது அவனிடம் சொல்லி வாங்கக் கூடாதா? வீணாகப் போக வேண்டியதுதானா?" என்று கேட்டேன்.

அவன் காற்று மானியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னான்:

"வீணா எங்கே மாமா போச்சு? அங்கேதானே மாட்டியிருக்கு."